நீலப் புள்ளியைப் போடுவது யார்?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துப் புறநகரில் ஒரு வீடு. 2015 தொடக்கத்தில் அங்கே ஓர் இளம் ஜோடி குடியேறியது. கொஞ்ச நாளிலேயே முன்பின் தெரியாத ஆட்கள் வந்து கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். சிலர் கோபமாக, சிலர் கெஞ்சலாக. கேட்டது என்னவோ ஒன்றுதான்: எங்கள் போன் உங்களிடம்தான் இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். தொலைந்த போனைத் தேடும் ஆப்பைத் திறந்தால் வரைபடத்தில் புள்ளி அந்த வீட்டின் மேல்தான் விழுகிறதாம். வந்தவர்களின் போன்கள் வெவ்வேறு கம்பெனி, நெட்வொர்க்கும் ஒன்றில்லை. ஒருமுறை, காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடிப் போலீசே வந்துவிட்டது. வீட்டைச் சோதனை போடுவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுக்கும்வரை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருவரும் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. 2016 ஜனவரியில் செய்தியாளர் காஷ்மீர் ஹில் இதை எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அங்கே திருடனும் இல்லை, திருட்டுப் போனும் இல்லை. பலருடைய போன் இருக்குமிடத்தைப் பற்றிய கணக்கு தப்பாகி, ஒரே வாசலில் வந்து நின்றிருந்தது.

மேப்பைத் திறந்ததும் நடுவில் துடிக்கும் நீலப் புள்ளியை நாம் சந்தேகப்படுவதே இல்லை. யாரோ கண்ணால் பார்த்துச் சொன்னது மாதிரி நம்புகிறோம். உண்மையில் அது ஓர் ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம். புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் சில சமயம் விரிந்து சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு போன் தரும் 'துல்லிய' அளவுக்கு அதன் தொழில்நுட்பக் குறிப்பேடு சொல்லும் பொருள் இது: அந்த அளவை ஆரமாக வைத்து வட்டம் போட்டால், நீங்கள் அதற்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு. ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியேதான் இருப்பீர்கள். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். ஆப்பில் அந்த எண்ணைப் பார்க்கிற போலீசுக்கும் நீதிபதிக்கும் தெரியுமா என்பதுதான் சங்கடம்.

'மேலேயிருந்து சாட்டிலைட் பார்த்துக்கிட்டே இருக்கு' என்பார்கள். பார்ப்பதில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு நம்மைத் தெரியவே தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, 'இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்பவர் ஒருவரா, நூறு கோடிப் பேரா, அதற்குக் கவலையில்லை. நம் போன் அதற்குப் பதிலே பேசுவதில்லை. சொன்ன நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்தால் இடம் வந்துவிடும். மூன்று போதாதா என்றால், போனில் இருப்பது மலிவு விலைக் கடிகாரம்; அதன் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்கத்தான் நான்காவது. விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம்.

இந்த வித்தையின் மூதாதை நம் ஊரிலும் வேலை பார்த்திருக்கிறது. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் நீளத்துக்கு இரும்புச் சங்கிலி போட்டு ஒரே ஒரு கோட்டை அளந்தார். அந்தக் கோட்டை அடியாக வைத்து, பெரும்பாலும் கோணங்களையே அளந்து அளந்து, இந்தியா நெடுக முக்கோணங்களைப் பின்னிவிட்டார்கள். அவர் கையாண்டது கோணம், ஜி.பி.எஸ். கையாள்வது தூரம். இரண்டிலும் அஸ்திவாரம் ஒன்றே: ஏற்கெனவே இடம் தெரிந்த சில புள்ளிகள் வேண்டும். அவை இல்லாமல் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் கையில் மிஞ்சுவது வெறும் எண்கள்தான்.

செயற்கைக்கோள் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது மிகவும் மெலிந்துவிடுகிறது. கான்கிரீட் தளத்துக்குக் கீழே, பேஸ்மென்ட் பார்க்கிங்கில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே தடுமாறும். இன்னொரு தொல்லை, அது பேசும் வேகம். விநாடிக்கு 50 பிட். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுவான பாதை விவரம் முழுவதையும் வாங்கப் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். ஆட்டோவை வரச்சொல்லிவிட்டுத் தெருமுனையில் நிற்கிறவர் அவ்வளவு நேரம் காத்திருப்பாரா? அதனால் அந்த விவரத்தை மொபைல் நெட்வொர்க் வழியாகவே போன் வாங்கிக்கொள்கிறது. வானம் தெரியாத இடத்தில் தரையிலுள்ள சிக்னல்களைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் கைக்கு வருவது செல்போன் டவர்.

டவர் சொன்ன சாட்சி

'செல்போன் சிக்னலை வைத்துத் தனிப்படை போலீசார் சுற்றி வளைத்தனர்.' கொலை, கொள்ளைச் செய்திகளில் வாரம் தவறாமல் வரும் வாக்கியம். படிக்கிறவருக்கு ஆள் நின்ற இடத்தை டவர் விரல் நீட்டிக் காட்டியது போலத் தோன்றும். டவரில் பொதுவாக மூன்று திசைக்கு மூன்று ஆன்டெனா. ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எண். போன் எந்த எண்ணில் ஒட்டியிருந்தது என்பதே கம்பெனியின் பதிவேட்டில் ஏறுகிறது. நகரத்தில் அந்த விசிறி சில நூறு மீட்டருக்குள் முடிந்துவிடலாம். கிராமத்தில் பல கிலோமீட்டர் விரியும். பழைய 2ஜி முறையில் 35 கிலோமீட்டர் வரை எட்டும். பக்கத்து டவரில் கூட்டமாக இருந்தால் போன் தூரத்து டவருக்குத் தாவிவிடும். ஏரிக்கரைபோல வெட்டவெளியாக இருந்தால் அக்கரை டவரையும் பிடித்துக்கொள்ளும். ஆக, 'இந்த டவர் எல்லைக்குள் போன் இருந்தது' என்பது நல்ல தடயம். 'இந்த வீட்டுக்குள் ஆள் இருந்தான்' என்பது வேறு சங்கதி.

டென்மார்க்கில் இது பெரிய சிக்கலாக வெடித்தது. கம்பெனிகள் தரும் மூலப் பதிவுகளைப் போலீஸ் வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள் சில பதிவுகளை விட்டுவிடுகிறது என்று 2019-ல் தெரியவந்தது. சில டவர்கள் இருக்கும் இடமே தப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், செல்போன் இடப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டுவதை அரசுத் தரப்பு இரண்டு மாதம் நிறுத்தியது. 2012-லிருந்து நடந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். காவலில் இருந்த 32 பேர் வெளியே விடப்பட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, சிக்னல் பொய் சொல்லவில்லை என்பது. பதிவை மாற்றிய மென்பொருளும், டவர் எங்கே நிற்கிறது என்று எழுதிவைத்த பட்டியலும்தான் பொய் சொல்லின.

வீட்டு ரௌட்டரின் முகவரி

டவரை அரசின் அனுமதியோடு கம்பெனிகள் நடுகின்றன. பட்டியல் அவர்கள் கையில். வைஃபை ரௌட்டரை நடுவது நீங்களும் நானும். அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

கூடத்து மூலையில் கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போன ரௌட்டர் விநாடிக்குச் சுமார் பத்து முறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அறிவிக்கிறது. அதோடு தன் தனி எண்ணையும் சொல்கிறது. கடவுச்சொல் போட்டாலும் இந்த அறிவிப்பு நிற்காது. நின்றால் உங்கள் போனே அதைக் கண்டுபிடிக்க முடியாது. தெருவில் போகிற எவரும் கேட்கலாம். கேட்டு, 'இந்த எண் இந்தத் தெருவில்' என்று குறித்து வைத்துக்கொண்டால்?

பாஸ்டனில் 2003-ல் தொடங்கிய ஸ்கைஹூக் என்ற நிறுவனம் அதையே தொழிலாக்கியது. கார்களை ஊர் ஊராக ஓட்டி, எந்த ரௌட்டர் எங்கே கேட்கிறது என்று சேகரித்தது. முதல் ஐபோனில் ஜி.பி.எஸ். கிடையாது. 2008 ஜனவரியில் அதன் வரைபடத்தில் 'நான் எங்கே' என்ற வசதி வந்தபோது, அதற்கு விடை சொன்னவை ஸ்கைஹூக்கின் வைஃபை பட்டியலும் கூகுளின் டவர் பட்டியலும். கூகுளும் சும்மா இருக்கவில்லை. தெருக்களைப் படமெடுக்க அனுப்பிய கார்களிலேயே வைஃபை கேட்கும் கருவியையும் வைத்தது. எண்களோடு நிற்காமல், கடவுச்சொல் இல்லாத ரௌட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த தரவுத் துணுக்குகளும் அதில் பதிவாகிவிட்டதாக 2010 மே மாதம் அந்த நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஜெர்மன் அதிகாரிகள் கேள்வி மேல் கேள்வி கேட்டதன் பலன் அது.

பிறகு கார்களே தேவையில்லாமல் போயின. ஒவ்வொரு போனும் சேகரிப்பவன் ஆகிவிட்டது. ஜி.பி.எஸ். நன்றாகக் கிடைக்கும் தெருவில் நடக்கும்போது, சுற்றிலும் கேட்கும் ரௌட்டர்களின் எண்களைப் போன் குறித்து அனுப்பிவிடுகிறது. அடுத்து வரும் யாருக்கோ, ஜி.பி.எஸ். கிடைக்காத அறையில், அந்தக் குறிப்பு வழிகாட்டுகிறது. 2011 ஏப்ரலில் அலாஸ்டர் ஆலன், பீட் வார்டன் என்ற இருவர், ஐபோனுக்குள் ஒரு கோப்பில் ஓராண்டு வரைக்குமான இடக்குறிப்புகள் கிடக்கின்றன என்று காட்டினார்கள். ஆப்பிள் சொன்ன பதில் சுவையானது: நாங்கள் உங்கள் இடத்தைக் குறிக்கவில்லை, உங்களைச் சுற்றியுள்ள வைஃபையும் டவரும் எங்கே என்ற பட்டியலின் ஒரு துண்டைத்தான் போனில் வைத்திருக்கிறோம். தொழில்நுட்பப்படி அது சரியான பதில். ஆனால், எந்தெந்த ஊர்த் துண்டுகள் உங்கள் போனில் இருக்கின்றன என்று பார்த்தாலே நீங்கள் போய்வந்த ஊர்கள் தெரிந்துவிடுமே! ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை என்று பிறகு அவர்களே திருத்திக்கொண்டார்கள்.

இந்தப் பட்டியல் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதை மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் எரிக் ரை, டேவ் லெவின் இருவரும் 2024-ல் காட்டினார்கள். அவர்கள் எந்தச் சர்வருக்குள்ளும் கன்னம் வைக்கவில்லை. எந்தப் போனும் கேட்கிற மாதிரி ஆப்பிளிடம் 'இந்த ரௌட்டர் எங்கே?' என்று கேட்டார்கள். கூகுளிடம் இப்படிக் கேட்டால், கணக்குப் போட்டு உங்கள் இடத்தை மட்டும் சொல்லும். ஆப்பிள் வேறு வழி வைத்திருந்தது: கேட்ட ரௌட்டரோடு அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் நானூறு வரைக்கும் எங்கே இருக்கின்றன என்று அள்ளிக் கொடுத்து, கணக்கை நீயே போட்டுக்கொள் என்று போனிடம் விட்டுவிடும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஆப்பிளுக்குத் தெரிய வேண்டாம் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. ஆனால், ரௌட்டர் எண்ணின் முன்பாதி தயாரிப்பாளரைக் குறிப்பது; அதை வைத்துக்கொண்டு பின்பாதியைக் குருட்டாம்போக்கில் போட்டுக் கேட்டாலே போதுமாக இருந்தது. ஓராண்டில் இருநூறு கோடிக்கும் மேற்பட்ட ரௌட்டர்களின் இடம் அந்த இருவர் கையில். அதே கேள்வியைச் சில நாள் கழித்துத் திரும்பக் கேட்டால் எது இடம் மாறியது என்றும் தெரிந்துவிடும். உக்ரைன் போரில் பயன்பட்ட ஸ்டார்லிங்க் கருவிகளின் நடமாட்டம்வரை அவர்கள் பார்க்க முடிந்தது.

ஸ்டார்லிங்க் தன் கருவிகளின் எண்ணை அவ்வப்போது மாறும்படி செய்தது. ஆப்பிள் ஒரு கதவைத் திறந்துவிட்டது: வைஃபை பெயரின் முடிவில் ஓர் அடிக்கோடும் 'நோமேப்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். கூகுளில் இந்த வழி முன்பே உண்டு. எனக்கு இந்த ஏற்பாட்டில் எரிச்சல்தான். என் வீட்டு முகவரியைக் கேட்காமல் எழுதிக்கொண்டவர், வேண்டாமென்றால் வாசலில் போர்டு மாட்டு என்கிறார்.

பட்டியலில் தெரியாத இடத்துக்கு என்ன எழுதுவது என்பதும் ஒரு தலைவலி. மாக்ஸ்மைண்ட் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு கருவியின் இணைய முகவரியை (ஐ.பி. எண்ணை) கொடுத்தால் அது எந்த ஊர் என்று சொல்லும். சில முகவரிகள் அமெரிக்காவில் எங்கோ இருக்கின்றன என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவற்றுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியைப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். எண் நீளமாக இருக்கிறதே என்று முழுமையாக்கி, வடக்கு 38 டிகிரி, மேற்கு 97 டிகிரி என்று வைத்தார்கள். அந்தப் புள்ளி கேன்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. அறுபது கோடி இணைய முகவரிகளுக்கு அதுவே வீடு! மோசடியில் பணம் இழந்தவர்கள், வரித்துறை, எஃப்.பி.ஐ., தற்கொலைக்கு முயன்றவரைத் தேடி ஆம்புலன்ஸ் என்று பல ஆண்டுகள் அந்த வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். இதையும் 2016-ல் வெளியே கொண்டுவந்தவர் அதே காஷ்மீர் ஹில்தான். விஷயம் தெரிந்ததும் நிறுவனம் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தி வைத்தது. 'தெரியாது' என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லாததுதான் இத்தனைக்கும் காரணம்.

பழைய நடமாட்டம்

தப்பான புள்ளியாவது போகட்டும். சரியான புள்ளிகள் சேர்ந்துகொண்டே போனால்? ஜெர்மனியின் பசுமைக் கட்சிக்காரர் மால்ட்டெ ஸ்பிட்ஸ், டாய்ச் டெலிகாம் மீது வழக்குப் போட்டு, 2009 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதத்துக்குத் தன்னைப் பற்றிய பதிவுகளை வாங்கினார். 35,830 வரிகள். 'ட்சைட்' இதழின் இணையப் பதிப்பு 2011-ல் அதை நகரும் வரைபடமாகப் போட்டது. எந்த ரயிலில் போனார், எப்போது தூங்கினார் என்பதெல்லாம் கண்ணெதிரே ஓடியது. பெயரை நீக்கிவிட்டால் ஆபத்தில்லை என்பார்கள். 2013-ல் வெளியான ஆய்வில் இவ்-அலெக்சாந்தர் த மோன்ட்ஜோய் குழுவினர் 15 லட்சம் பேரின் பெயரற்ற பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் இருந்த நான்கு இடம், நேரம் மட்டும் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்துவிட முடிந்தது. உங்கள் வீடு, அலுவலகம், பிள்ளையின் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடை. முடிந்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூனில் கார்பென்டர் வழக்கில், பழைய டவர் பதிவுகளை வாங்க இனிமேல் போலீஸ் வாரன்ட் பெற வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கார்பென்டர் என்பவரின் 127 நாட்களுக்கான 12,898 இடக்குறிப்புகளை வாரன்ட் இல்லாமல் வாங்கியிருந்தார்கள். அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு செல்போன் கடைகளில் கொள்ளையடித்தது என்பது ஒரு வேடிக்கை; தீர்ப்பில் ஜெயித்தும், போலீஸ் அந்நாளைய சட்டத்தை நம்பி நல்லெண்ணத்தில்தான் செய்தது என்று சொல்லித் தண்டனை அப்படியே நின்றது இன்னொன்று. வாரன்டிலும் ஒரு புது வகை கிளம்பியது: ஆளைச் சொல்லாமல் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கூகுளைக் கேட்பது. ஃபுளோரிடாவில் சைக்கிள் ஓட்டியதை ஆப்பில் பதிவு செய்துகொண்டே போன ஓர் இளைஞர், திருட்டு நடந்த வீட்டை ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை கடந்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த பாவம். வக்கீல் வைத்துத்தான் மீண்டார். இடவரலாற்றை இனித் தன் சர்வரில் அல்லாமல் பயனாளரின் போனிலேயே வைப்பதாகக் கூகுள் 2023 டிசம்பரில் அறிவித்தது.

நம் உச்ச நீதிமன்றத்தின் முன்னும் நீலப் புள்ளி ஒருமுறை வந்து நின்றது. போதைப்பொருள் வழக்கில் கைதான ஃபிராங்க் விட்டஸ் என்ற நைஜீரியருக்கு ஜாமீன் தந்தபோது, அவர் இருக்குமிடம் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி கூகுள் மேப்பில் முள் குத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். முள் என்பது என்ன செய்யும் என்று உச்ச நீதிமன்றம் கூகுளிடமே கேட்டது. பயனாளர் தானே வைப்பது, நேரலையாக ஆளைப் பின்தொடராது என்று பதில் வந்தது. 2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்த நிபந்தனையை நீக்கியது. பின்தொடர முடிந்திருந்தால், ஜாமீனில் இருப்பவரின் அந்தரங்கத்துக்குள் போலீசை எட்டிப் பார்க்க விடுவதாக ஆகியிருக்கும் என்பதும் தீர்ப்பின் சாரம்.

ஆம்புலன்ஸ் வர வேண்டிய வீடு

இவ்வளவு தெரிந்த போனுக்கு, தெரிய வேண்டிய நேரத்தில் தெரிந்ததா? 108-க்கு அடித்துப் பாருங்கள். பக்கத்தில் கோயில் ஏதாவது இருக்கா, பள்ளிக்கூடம் இருக்கா, மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பதற்றத்தில் சொல்ல வராது. உணவு கொண்டுவரும் பையன் கேள்வியே கேட்காமல் வாசலுக்கு வந்துவிடுகிறான். அவனுக்குப் புள்ளி போய்விடுகிறது, ஆம்புலன்ஸுக்குப் பல சமயம் போவதில்லை. சிக்னலில் குறையில்லை. யாருக்கு அனுப்புவது என்ற ஏற்பாட்டில்தான் குறை.

இது இந்தியாவுக்கு மட்டுமான வியாதி இல்லை. பிரிட்டனில் 999-க்குச் செல்போனில் அழைத்தால் நெட்வொர்க் டவர் வட்டத்தை மட்டும்தான் தந்துகொண்டிருந்தது. அந்த வட்டம் பல கிலோமீட்டர் அகலம் இருக்கும். பி.டி. நிறுவனம், இ.இ. நெட்வொர்க், போன் தயாரிப்பாளர் எச்.டி.சி. மூவரும் சேர்ந்து 2014-ல் எளிய வழி ஒன்றைச் செய்தார்கள். அவசர எண்ணை அழுத்தியதும் போன் தானே ஜி.பி.எஸ்., வைஃபை இரண்டையும் எழுப்பிக் கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை மையத்துக்கு அனுப்பும். ஆப் வேண்டாம். 2016-ல் கூகுள் இதைப் போன்றதை ஆண்ட்ராய்டில் சேர்த்தது, 2018-ல் ஆப்பிளும் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் 17 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு இது கட்டாயம். இந்தியாவில் 2016-ல் வந்த விதிகள், 2017 முதல் எல்லாப் போனிலும் ஆபத்துப் பொத்தான், 2018 முதல் ஜி.பி.எஸ். என்று சொல்லின. பொத்தானை அழுத்தினால், இடத்தைக் குறிக்கும் எண் தொலைவில் உள்ள மையம் ஒன்றில் போய் விழும். அங்கே அதை வாங்கித் தெருவாகவும் வண்டியாகவும் மாற்றும் ஆளும் திரையும் இருந்தால்தான் அது இடம்.

அமெரிக்காவில் இப்போது மாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 911 அழைப்புகளில் பெரும்பகுதிக்கு உயரத்தையும் மூன்று மீட்டர் துல்லியத்தில் தர வேண்டும் என்பது அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையத்தின் விதி. பல போன்களில் காற்றழுத்தமானி இருக்கிறது. அழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட முடியும். மூன்று மீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு மாடி. ஆனால் மீட்புப் படைக்காரர் திரையில் வருவது, தரைக்கு அல்லது பூமியின் வடிவத்துக்கு ஈடான ஒரு கற்பனை நீள்கோளத்துக்கு மேலே இத்தனை மீட்டர் என்ற எண். அது எந்தத் தளம், எந்தக் கதவு? சென்னை அடுக்ககங்களில் ஸ்டில்ட் பார்க்கிங்கை ஒரு தளமாக எண்ணுவதா இல்லையா என்பதே பில்டருக்குப் பில்டர் மாறும். லிஃப்டில் ஒரு எண், கரண்ட் பில்லில் ஒரு எண். மீட்டரை மாடியாக்க, ஒவ்வொரு கட்டடத்தின் தளமும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று யாராவது போய் அளந்து ஒரு பட்டியல் போட வேண்டும்.